பேசின் பிரிட்ஜும் வெறிநாய்க்கடியும்

சென்னை சென்ட்ரல் நிலையத்தை விட்டுப் புறப்படும் இரயில் வடக்கே எண்ணூர்ப் பக்கம் செல்வதாயினும் மேற்கே அரக்கோணத்தை நோக்கிச் செல்வதாயினும், முதலில் பேசின் பிரிட்ஜைக் கடந்தாக வேண்டும். இப்பெயர் வந்த வரலாறு பலருக்குத் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாசில் காக்ரேன் என்னும் வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டுவித்தார். பின்னாளில் அதுவே நீட்டப்பட்டுப் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. உப்பும் விறகும் ஏற்றி வந்த படகுகள் நின்று சரக்கு இறக்குவதற்காக அமைந்த நீர்த்தேக்கமே ‘பேசின்’. அதன் அருகே எழுந்த பாலம் ‘பேசின் பிரிட்ஜ்’. படகுகள் மறைந்துவிட்டன. கால்வாய் இருக்கிறது, அதன் நீரைப் பற்றிப் பேசாதிருப்பதே நன்று.

வடசென்னையில் வளர்ந்த என் போன்றோருக்கு இவ்வூர்ப் பெயர் வேறொரு காரணத்தாலும் பழக்கமானது. மாநகராட்சியின் நாய்ப்பட்டி இங்கேதான் இருந்தது. தெருக்களில் திரியும் நாய்களைப் பிடித்துக் கொண்டுவந்து அடைக்கும் இடம் அது. கம்பி வலை போட்ட நாய்வண்டி தெருமுனையில் திரும்பியதும் சிறுவர்கள் தம் நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவார்கள். கழுத்துப் பட்டை இல்லாத நாய் அகப்பட்டால் ‘பேசின் பிரிட்ஜுக்குப் போய்விட்டது’ என்பார்கள். அச்சொற்றொடருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நகரத்திலுள்ள நாய்களையெல்லாம் ஒரு நகராட்சி ஏன் இப்படித் துரத்திப் பிடிக்க வேண்டும்? அதற்கு விடை ஒரு நோயில் இருக்கிறது. விலங்கிடமிருந்து மனிதனுக்கு வரும் நோய்களில் மனிதன் மிக நெடுங்காலமாக அறிந்ததும் மிகவும் அஞ்சியதும் வெறிநாய்க்கடியே. சுசுருத சம்கிதையிலேயே அதன் குறிகள் கூறப்பட்டுள்ளன. நீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்தவன் பிழையான் என்பதை அக்கால மருத்துவர் நன்கு உணர்ந்திருந்தனர். ஏன் பிழையான் என்பதைத்தான் அறிந்திலர்.

இந்நோய்க்குக் காரணமானது ஒரு வைரஸ். துப்பாக்கிக் குண்டைப் போன்ற வடிவுடையது. ஒன்றன்பின் ஒன்றாக ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வைரஸ்களை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். அதன் உடலைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை உண்டு. இந்தக் கொழுப்பு உறையை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

விலங்கு வைரஸ்கள் பரவும் வழிகள் பல. கோழிகளையும் பறவைகளையும் தாக்கும் சளிக்காய்ச்சல் வைரஸ் எச்சத்தாலும் மூச்சாலும் பரவுகிறது. 1955-ஆம் ஆண்டு வேலூரில் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குக் கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளும் பன்றிகளும் இருப்பிடம். கொசு அதற்கு வாகனம். 1957-இல் மைசூர் நாட்டுக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்து விழுந்தபோது வெளிப்பட்ட காய்ச்சலை உண்ணிகள் சுமந்து வந்தன. வெறிநாய் வைரஸுக்குக் கொசுவும் வேண்டாம், உண்ணியும் வேண்டாம். தன்னைச் சுமக்கும் விலங்கையே அது வாகனமாக்கிக்கொள்கிறது. இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வெறிநாய் கடிக்கும்போது அதன் உமிழ்நீரோடு வைரஸ் தசைக்குள் நுழைகிறது. அங்கே சில நாளோ சில வாரமோ தங்கிச் சிறிது பெருகுகிறது. பிறகு தசையில் முடியும் நரம்பு நுனியைப் பற்றிக்கொண்டு உள்ளே ஏறுகிறது. பெரும்பாலான கிருமிகள் இரத்தத்தின் வழியே செல்லும். செல்லும் வழியில் உடலின் காவற்படையிடம் அகப்பட்டுக்கொள்ளும். இந்த வைரஸோ நரம்பின் உட்புறமாக, நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் வீதம், முதுகுத் தண்டை நோக்கி நகர்கிறது. காவற்படைக்கு அது வந்ததே தெரிவதில்லை. முகத்திலோ கையிலோ கடிபட்டவருக்கு மூளை அண்மையிலிருப்பதால் நோய் விரைவில் தோன்றும். காலில் கடிபட்டவருக்குத் தாமதமாகலாம். பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதம். அரிதாக ஓர் ஆண்டுக்கு மேலும் ஆவதுண்டு.

மூளையை அடைந்ததும் இரண்டு செயல்கள் நிகழ்கின்றன. ஒன்று, விலங்கின் இயல்பு மாறுகிறது. அடங்கிய நாய் சீறுகிறது, அச்சமின்றி ஓடுகிறது, எதிர்ப்பட்டதைக் கடிக்கிறது. மற்றொன்று, வைரஸ் மீண்டும் நரம்புகளின் வழியே கீழிறங்கி உமிழ்நீர்ச் சுரப்பிகளை நிரப்புகிறது. தொண்டைத் தசைகள் இழுத்துக்கொள்வதால் விழுங்க முடியாமல் உமிழ்நீர் வாயிலேயே தேங்குகிறது. கடிக்கத் தூண்டும் வெறி மூளையில், கடியின் வழியே பரவும் நஞ்சு வாயில், அதுவும் ஒரே காலத்தில்! மனிதனுக்கு வரும் நீரச்சமும் இதுவே. நீரைக் கண்டதும், சில வேளை நீர் என்ற சொல்லைக் கேட்டதுமே, தொண்டை இழுக்கும். அறிவோ பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். இக்குறிகள் தோன்றிய பின் உயிர் பிழைத்தவர்களை உலகம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் இயற்கை ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. கடிக்கும் நோய்க்கும் இடையே வாரக்கணக்கில் காலம் இருக்கிறது அல்லவா? வைரஸ் மெல்ல நடந்து வருகிறது. அதற்கு முன்னதாக உடலுக்குப் படை திரட்டக் கற்பித்துவிட்டால்? பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர் கேட்ட கேள்வி இதுதான். நோயுற்ற முயல்களின் முதுகுத் தண்டை உலர்த்தி, வைரஸின் வீரியத்தைக் குறைத்து, அதையே மருந்தாக்கினார். 1885 ஜூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அதைச் செலுத்தத் தொடங்கினார். பதின்மூன்று ஊசிகளுக்குப் பின் சிறுவன் பிழைத்தான். அக்காலத்தில் வைரஸ் என்பதை எவரும் கண்ணாற் கண்டதில்லை. நுண்நோக்கியில் அகப்படாத ஒன்றை எதிர்த்து வென்ற வெற்றி அது.

பாரிசில் மருந்து பிறந்ததால் சென்னையில் கடிபட்டவனுக்கு என்ன பயன்? பதினைந்து ஆண்டுக்காலம் பெரிதாக ஒன்றுமில்லை. 1900-ஆம் ஆண்டு இமயமலைச் சாரலில் கசௌலி என்னுமிடத்தில் பாஸ்டர் நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. சென்னையிலிருந்து அங்குச் செல்வதென்றால் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பயணம். படகுத்துறைக் கூலியாளும் உப்பளத் தொழிலாளியும் அதை நினைத்துப் பார்க்க முடியுமா? 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண்மணி தென்னிந்தியாவில் இந்நோயால் இறந்தார். அவருடைய மரணம் அரசாங்கத்தை அசைத்தது. அதற்கு முன் எத்தனையோ ஏழைகள் இறந்தபோது அசையாத அரசாங்கம் இதற்கு அசைந்தது என்பதை வரலாறு படிப்போர் குறித்துக்கொள்வதில் தவறில்லை. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் அரசப் பிரதிநிதி கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடையில் ஒரு பகுதி இதற்கு ஒதுக்கப்பட்டது. 1907 ஏப்ரல் 6-ஆம் நாள் நீலகிரியில் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. மலை இரயில் 1899-லேயே குன்னூரை எட்டியிருந்தது. ஆகவே கடிபட்டவர் சென்ட்ரலில் ஏறி, பேசின் பிரிட்ஜைத் தாண்டி, மேட்டுப்பாளையத்தில் மாறி, மலையேறினால் உயிர் பிழைக்க வழி இருந்தது.

அடுத்த முன்னேற்றம் கசௌலியில் நிகழ்ந்தது. 1911-இல் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர், நோயேற்றப்பட்ட செம்மறியாட்டின் மூளையைக் கார்பாலிக் அமிலத்தில் இட்டு வைரஸைக் கொன்று தடுப்பு மருந்து செய்யும் முறையைக் கண்டார். கொல்லப்பட்ட மருந்தாகையால் அதைப் புட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்ப முடிந்தது. நோயாளி மலையேறுவது போய், மருந்து மலையிறங்கி மாவட்ட மருத்துவமனைகளுக்கு வந்தது. கணக்கற்ற உயிர்களை அது காத்தது. நன்றியோடு இதைச் சொல்லிவிட்டு, அதன் குறையையும் சொல்ல வேண்டும். ஆட்டு மூளையின் பொருள் மனித உடலிற் செல்வதால், சிலருக்கு உடலின் காவற்படை தன் சொந்த நரம்பையே பகையெனக் கருதித் தாக்கி வாதநோயை உண்டாக்கியது. இது அரிது. அரிதல்லாத குறை, வயிற்றிலே நாள்தோறும் போட வேண்டிய ஊசிகள். பதினான்கு ஊசி என்பது தமிழ்நாட்டில் பழமொழிபோல் ஆயிற்று.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வடசென்னைப் பள்ளியொன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு வந்தான். கேட்டால் விழுந்துவிட்டேன் என்றான். நான்காம் நாள் அவன் பக்கத்து இருக்கைத் தோழன் என்னிடம் தனியே வந்து, “ஐயா, அவனை நாய் கடித்துவிட்டது. வீட்டிலும் சொல்லவில்லை. பதினான்கு ஊசிக்குப் பயப்படுகிறான்” என்றான். அவன் தந்தையைத் துறைமுகத்திலிருந்து வரவழைத்து மருத்துவமனைக்கு அனுப்பினோம். அன்று முதல் பதினான்கு நாளும் காலையில் வகுப்புக்குத் தாமதமாக வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டே என்னை வணங்கிவிட்டு உட்காருவான். காட்டிக்கொடுத்த தோழனோடு ஒரு மாதம் பேசவில்லை. இவனைப் போல் மறைத்தவர் எத்தனை பேர், அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும் தோழன் வாய்க்காமற் போனது எத்தனை முறை என்று பிற்காலத்தில் நான் எண்ணியதுண்டு. மருந்தின் மீதுள்ள அச்சமே நோய்க்குத் துணையாக நின்ற காலம் அது.

அக்காலம் முடிந்துவிட்டது. 2004 டிசம்பரோடு ஆட்டு மூளை மருந்து இந்தியாவில் நிறுத்தப்பட்டது. இப்போதுள்ளது ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களில் ஆக்கப்படும் மருந்து. அதைத் தோலினுள் சிறிதளவாகச் செலுத்தும் முறைக்கு 2006-இல் இசைவு தரப்பட்டது. கடித்த அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் எனக் கையில் நான்கு முறை போட்டால் போதும். அரசு மருத்துவமனைகளில் இதற்குக் காசு வாங்குவதில்லை. ஆழ்ந்த காயமாயின், உடல் தன் படையைத் திரட்டும் வரையில் காவல் நிற்பதற்காக, ஆயத்தமான எதிர்ப்புப் பொருளைக் காயத்தைச் சுற்றியே செலுத்துவர்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. முன்பு சொன்ன கொழுப்பு உறையை இப்போது நினைவுகூருங்கள். எண்ணெய்ப் பிசுக்கை அகற்றச் சோப்பு உதவுவது போலவே இந்த உறையையும் சோப்புக் கரைத்துவிடும். உறை கரைந்தால் வைரஸ் செத்தது. கடிபட்ட இடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்பது இதனால்தான். மிளகாய்ப் பொடி அப்புவதும் சுண்ணாம்பு தடவுவதும் காயத்தைப் புண்ணாக்குமேயன்றி வைரஸை ஒன்றும் செய்யா.

மருத்துவத்தின் கதை இது. நாயின் கதை வேறு. நாய்களிடையே நோயை ஒழித்தாலன்றி மனிதருக்கு ஊசி போட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் பணி 1860-ஆம் ஆண்டளவில் தொடங்கியது என்பர். நூறாண்டுக்கு மேல் அது இடைவிடாது நடந்தது. பேசின் பிரிட்ஜ் நாய்ப்பட்டியில் பிற்காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். 1959-இல் சென்னையில் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பினர் தரும் கணக்குப்படி, 1990-களின் நடுவில் நாளொன்றுக்கு 135 நாய்கள் கொல்லப்பட்டன. இத்தனைக்குப் பிறகும் நாய்களும் குறையவில்லை, வெறிநாய்க்கடியும் குறையவில்லை. ஏன்?

இந்த வட்டாரத்தை நடந்து பார்த்தவர்களுக்கு விடை எளிதில் விளங்கும். பேசின் பிரிட்ஜை அடுத்த புளியந்தோப்பில் 1903 முதல் ஆடு மாடு அறுக்கும் தொட்டி இருந்து வந்தது. கால்வாய்க் கரையில் குப்பை. இராயபுரத்தில் மீன் இறங்கும் துறை. சரக்குக் கொட்டகைகளும் சந்துகளும் படுக்க இடம் தருகின்றன. இவ்வளவு உணவும் இடமும் இருக்கும்போது நூறு நாய்களை அகற்றினால், அந்த இடத்துக்கு அடுத்த பேட்டையிலிருந்து நூறு நாய்கள் வந்து சேரும். மிஞ்சிய பெட்டைகள் ஆண்டுக்கு இருமுறை குட்டி போட்டு நிரப்பும். புதிதாக வருபவற்றுக்கு நோயெதிர்ப்புக் கிடையாது. இன்னொன்று: நாய் பிடிப்பவன் கையில் எளிதாகச் சிக்குவது எந்த நாய்? தெருவார் சோறு போட்டு வளர்த்த, மனிதனைக் கண்டு வாலாட்டும் சாது நாய். வெறிபிடித்த நாயோ எவர் கையிலும் சிக்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்ற யோசனையைப் புளூ கிராஸ் அமைப்பினர் 1964 முதல் வலியுறுத்தி வந்தனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. 1996-இல் சென்னை மாநகராட்சி அதை ஏற்றது. பேசின் பிரிட்ஜ் நாய்ப்பட்டியே நாய்கள் இனக்கட்டுப்பாட்டு மையமாக மாறியது. கொல்வதற்கு நாய்களைக் கொண்டுவந்த அதே இடத்தில் அறுவை மேசை போடப்பட்டது. 2001-இல் நடுவண் அரசு இந்த முறையை நாடு முழுவதற்கும் விதியாக்கியது. 2023-இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. 1996-இல் சென்னையில் 120 பேர் வெறிநாய்க்கடியால் மாண்டனர் என்றும், 2007-இல் அது ஐந்தாகக் குறைந்தது என்றும் புளூ கிராஸ் தரப்பினர் எழுதியுள்ளனர். இந்தப் பெருமை முழுவதையும் நாய்க் கருத்தடைக்கே கொடுத்துவிடுவது நியாயமன்று என்பது என் கருத்து. அதே காலத்தில்தான் பதினான்கு ஊசி போய் நல்ல மருந்து வந்தது. மக்களும் அஞ்சாமல் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினர். இரண்டும் சேர்ந்தே உயிர்களைக் காத்தன.

கணக்கு ஒன்றை இங்கே மாணவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன். ஒரு வெறிநாய் சாவதற்கு முன் சராசரியாக ஒன்றுக்கு மேல், இரண்டுக்குள் என்ற அளவில்தான் பிற நாய்களுக்கு நோயைக் கொடுக்கிறது. தட்டம்மையோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைந்த வேகம். எனவே ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால், ஒரு வெறிநாயால் இன்னொரு நாய்க்கு நோயைக் கடத்த முடியாமல் சங்கிலி அறுந்துவிடும். ஆனால் தெருநாயின் ஆயுள் குறைவு. புதுக் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும். ஆகையால் ஆண்டுதோறும் எழுபதை எட்ட வேண்டும். ஓராண்டு உழைத்து மறு ஆண்டு ஓய்ந்தால் பழைய கதைதான். இலங்கையில் 1973-ஆம் ஆண்டு 377 பேர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டும், மனிதருக்கு மருந்து எட்டச் செய்தும், ஆண்டுக்குச் சில பத்துச் சாவுகள் என்ற அளவுக்கு அவர்கள் இறக்கிவிட்டனர்.

மாட்டு வைரஸ் ஒன்றை மனிதன் அடியோடு ஒழித்தே இருக்கிறான் என்பதையும் இங்கு மறக்கலாகாது. வெக்கை நோய் என்று நம் உழவர் அஞ்சிய கால்நடைக் கொள்ளைநோய்க்கு எதிராக இந்தியா 1954-இல் நாடளாவிய தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. ராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த்தடுப்பு நிலையத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு. இந்தியாவின் கடைசி நோய்க்கண்டம் 1995-இல் நம் வட ஆர்க்காட்டுப் பகுதியில்தான் பதிவாயிற்று. 2011-இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மாட்டுக்கு உடையவன் ஒருவன் இருந்தான். அவன் தன் மாட்டைக் கொட்டிலில் கட்டி ஊசி போட இசைந்தான். தெருநாய்க்கு உடையவன் யார்? அதனால்தான் இந்த வேலை கடினமாகிறது.

வேலை முடிந்துவிடவில்லை என்பதை இராயபுரம் 2023 நவம்பரில் காட்டியது. பேசின் பிரிட்ஜுக்கு அருகிலுள்ள அவ்வட்டாரத்தில் ஒரு தெருநாய் சிறுவர், முதியவர் என இருபத்தைந்துக்கும் மேற்பட்டோரைக் கடித்தது. மக்கள் அதை அடித்துக் கொன்றனர். கடிபட்டவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றனர். நாயின் உடலைச் சோதித்தபோது அதற்கு வெறிநோய் இருந்தது உறுதியாயிற்று. உடனே மாநகராட்சி அப்பகுதி நாய்களைப் பிடித்துத் தடுப்பூசி போட்டது. ஒரே நாய், சிறிது நேரம், இருபத்தைந்துக்கு மேற்பட்டோர்! மருந்து கைக்கெட்டும் தொலைவில் இல்லாத ஒரு சிற்றூரில் இது நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோய்க்கு இரையாகின்றனர். கடிபட்டு மருந்து நாடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள்.

2018-இல் எடுத்த கணக்கில் சென்னையின் தெருநாய்கள் 57,366. 2024-இல் எடுத்த கணக்கிலோ அவை ஏறத்தாழ 1,81,000. அவற்றுள் கருத்தடை செய்யப்பட்டவை நூற்றுக்கு இருபத்தேழே. கருத்தடைக்கு அறுவை வேண்டும், மருத்துவர் வேண்டும், சில நாள் கூண்டு வேண்டும். தடுப்பூசிக்கோ ஒரு வலையும் ஒரு நிமிடமும் போதும். இந்த வேறுபாட்டை உணர்ந்துதான் போலும், 2025 ஆகஸ்டில் மாநகராட்சி தெருத்தெருவாகச் சென்று நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் இயக்கத்தைத் தொடங்கியது. அதே மாதம் 22-ஆம் நாள், டில்லி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றும், வெறிநோய் கொண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் அவ்வாறு விடலாகாது என்றும் ஆணையிட்டது.

பேசின் பிரிட்ஜ்ப் பக்கம் போகும் மாணவர்கள் அங்குத் திரியும் நாய்களின் காதுகளைச் சற்றுத் தொலைவிலிருந்தே கவனிக்கலாம். காது மடலின் ஓரத்தில் சிறு வெட்டு இருந்தால் அந்த நாய் கருத்தடை மேசைக்குப் போய்த் திரும்பியது என்று பொருள். வெட்டில்லாத காதுகளையும் எண்ணிப் பாருங்கள்.